ஹபீபாவுக்குச் செய்த சவுண்ட் கார்டு

போன மாதம் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க, நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. டெஸ்டிங் பிரிவில் பாதிப் பேர் புதியவர்கள். என் பழைய மேசையில் ஒரே மாதிரிப் பச்சை போர்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அக்கா, இதைப் பாருங்க. ரொம்பப் பழைய கம்ப்யூட்டர்ல மாட்டற சவுண்ட் கார்டு. அச்சு அசலா அதே மாதிரி திரும்பச் செஞ்சு கொடுக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்குதுங்க. பழைய கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறவங்களாமா. இப்படியும் ஒரு ஆசைங்க" என்று சிரித்தாள் கவிதா. இப்போது அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"இதே மாதிரி ஒண்ணை நாங்க அப்பவே செஞ்சிருக்கோம்" என்றேன். யாரும் நம்பவில்லை. தேநீர் வந்தது, சொன்னேன். சொன்னதை எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன்.

என் ஊர் பல்லடம். வீட்டில் நான்கு விசைத்தறி ஓடியது. தறியை விட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைத்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். சிங்காநல்லூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தால், அங்கே செய்ததும் மில் இயந்திரங்களுக்கான போர்டுதான். நூல் அறுந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற போர்டு. ஒவ்வொன்றையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. ஒரு வருடம் பயிற்சி. அதில் மூன்று மாதம் வெறும் சால்டரிங், ஈயம் உருக்கிப் பற்றவைப்பது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் நாச்சிமுத்து சார். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை. அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. நாம் செய்த போர்டில் பிழையைப் பார்த்துவிட்டால், பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மணி, இது இப்படி இருக்கோணும்னு நெனச்சு வெச்சீங்களா, இல்லீன்னா தானா அமைஞ்சுதுங்களா?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். நாம் யோசித்துத்தான் வைத்தோம் என்றால் காரணத்தைக் கேட்டுக்கொள்வார். தானாக அமைந்தது என்றால், "அப்ப ஒருக்கா பிரிச்சுப்போடலாமுங்க" என்பார். முதலாளியிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. புதிதாகச் செய்த எந்த போர்டுக்கும், பட்டியல் வாசிக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, எந்தப் பாகத்தின் கால் எதன் காலோடு சேர வேண்டும் என்று உரக்கப் படிப்பார். மற்றவர் மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த இடங்களில் வைத்து, 'இருக்குதுங்க' அல்லது 'இல்லீங்க' என்று பதில் சொல்வார். படிப்பவர் போர்டைப் பார்க்கக் கூடாது. முனை வைப்பவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது. இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தால் இருவர் கண்ணும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும் என்பது அவர் கட்சி. எல்லாம் முடிந்த பிறகு, சேரக் கூடாதவை சேர்ந்திருக்கின்றனவா என்று இன்னொரு பட்டியல். வெளியாட்கள் பார்த்தால் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, எங்களுக்குத் திருகாணி சப்ளை செய்யும் இப்ராஹிம் பாய் டெஸ்டிங் பிரிவுக்குள் வந்தார். கோட்டைமேட்டில் இரும்புக்கடை வைத்திருந்தவர். வழக்கமாக ஸ்டோரோடு திரும்பிவிடுவார். அன்று ஒரு துணிப்பையோடு நேராக நாச்சிமுத்து சாரிடம் வந்து, பையிலிருந்து ஒரு கருகிய கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் தங்கச்சியோட கம்ப்யூட்டர்ல இருந்ததுங்க. காந்திபுரத்துல நாலு கடையில கேட்டுட்டேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

அவர் சொன்னது இதுதான். தங்கை ஹபீபாவுக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. பள்ளியில் தட்டச்சு கற்று, தபால் வழியில் பட்டமும் வாங்கிவிட்டார். தட்டச்சு இயந்திரத்தில் வேகமாக அடிப்பார். ஆனால் அடித்ததைப் படித்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அதைச் சொல்லியே எல்லா இடத்திலும் வேலை இல்லை என்றார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்த உறவினர் ஒருவர், ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய எக்ஸ்.டி. கணினியை அனுப்பினார். அதற்குள் ஒரு சவுண்ட் கார்டு, கூடவே ஒரு ஃப்ளாப்பி. அடிக்கும் எழுத்தையும், அடித்து முடித்த கடிதத்தையும் அது ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும். இப்போது ஒரு கல்லூரி முதல்வர், 'ஒரு நாள் வந்து யார் உதவியும் இல்லாமல் வேலை செய்து காட்டுங்கள், பார்க்கலாம்' என்று நாள் குறித்திருக்கிறார். அடுத்த வாரம் தாண்டி வரும் திங்கட்கிழமை. போன ஞாயிறு ஸ்பீக்கரின் அடாப்டர் வெடித்து, அந்த வழியே கார்டு எரிந்துவிட்டது. கணினி தப்பித்தது. ஃப்ளாப்பியில் இருந்த நிரலுக்கோ அந்த ஒரு கார்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லையாம்.

நாச்சிமுத்து சார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை.

"ரிப்பேர் ஆகாதுங்க. இதே மாதிரி ஒண்ணு செய்யோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பதினோரு நாள் இருக்குது. என்னுங்க அம்மணி சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாக்கலாமுங்க சார்" என்று வந்துவிட்டது. முதலாளியும், கையிலிருக்கும் வேலை தடைப்படாமல் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எரிந்த கார்டில் எஞ்சிய தடங்களைப் பின்தொடர்ந்து காகிதத்தில் வரைந்தேன். அதில் இருபது கால் ஐ.சி. ஒன்றின் மேல், அதன் எண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்திருந்தார்கள். யாரும் நகலெடுக்கக் கூடாதென்று செய்தது. எட்டுக் கால்கள் கணினியிலிருந்து வந்தன, எட்டுக் கால்கள் ரெசிஸ்டர் பக்கம் போயின. கணினி குரலை எண்களாகத்தான் அனுப்பும், ரெசிஸ்டர்கள் அதைச் சத்தமாக மாற்றும். எண் வந்தால் வாங்கி, அடுத்த எண் வரும்வரை பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர அது வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். எங்கள் மில் போர்டு ஒவ்வொன்றிலும் அதே வேலைக்கு நாலு ஐ.சி. உண்டு. ட்ரேயில் நூற்றுக்கணக்கில் கிடந்தது. அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்த ரகசியம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்ததை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் இன்னொரு ரகசியம் அப்படிக் கிடைக்கவில்லை. கணினிக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கூப்பிட்டால் அந்தச் சாதனம் மட்டும் கதவைத் திறக்கும். இந்தக் கார்டின் எண்ணை முடிவு செய்யும் பகுதி சரியாக அந்த ஓட்டை இருந்த இடத்தில் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை பாய் தன் வேனில் கணினியையும் ஹபீபாவையும் கூட்டி வந்தார். முப்பது வயதிருக்கும். வந்து உட்கார்ந்ததும் விசைப்பலகையைத் தேடித் தொட்டு, அது நேராக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

"என் துரைக்குத் தொண்டை போயிருச்சுங்க" என்றார் என்னிடம்.

"துரைங்களா?"

"அந்தக் கம்ப்யூட்டர் பேசறதைத்தானுங்க சொல்றேன். வெள்ளைக்காரத் துரை மாதிரியே பேசுமுங்க. எங்க அண்ணன் பேரை ஈப்ராஹைம்னு சொல்லும். நாலு வருசமா திருத்தறேன், கேக்க மாட்டேங்குது."

அப்போதுதான் ஹபீபா ஒரு விஷயம் சொன்னார். கார்டு எரிந்த பிறகும் கணினி எந்தப் புகாரும் இல்லாமல் இயங்கியதாம். அந்த நிரல் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. யாருக்கும் கேட்காவிட்டாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் நாச்சிமுத்து சார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தால் கதவைத் தட்டிக்கொண்டும் இருக்கும். தட்டும்போது பார்த்தால் எண் தெரிந்துவிடும்.

ஹபீபா ஒரு நீண்ட கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தார். கார்டு மாட்டும் ஸ்லாட் காலியாக இருந்தது. அதில், கணினி எதையாவது எழுதும் நொடியைக் காட்டும் கம்பியில், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் ஒரு முனையைப் பொருத்தினேன். இன்னொரு முனையால் எண்ணைச் சுமந்து வரும் பத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். அந்த நொடியில் கோடு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் சொல்லச் சொல்ல, திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து நாச்சிமுத்து சார் எழுதினார்.

"மேலேங்க."

"சரிங்க."

"கீழேங்க."

"சரிங்க."

பத்தும் முடிந்தது. சார் அதை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார். மூன்று முறையும் ஒரே எண். ஹபீபா கையை நீட்டி, "எங்க துரையோட ஊட்டு நெம்பர் என்னுங்க?" என்று கேட்டார். சொன்னேன். மனப்பாடம் செய்வதுபோல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திங்கள் முதல் புதன் வரை போர்டு வேலை. ஸ்லாட்டுக்குள் நுழையும் ஓரத்தில் பக்கத்துக்கு முப்பத்தோரு செம்பு விரல்கள். ஒன்று இம்மி நகர்ந்தாலும் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். பழைய கார்டின் ஓரத்தை அப்படியே அச்சாக வைத்து வரைந்தோம். ரெசிஸ்டர் பகுதிதான் வேறு. மூலக் கார்டில் எல்லா ரெசிஸ்டரும் ஒரே கட்டியாக வார்த்து வந்தவை, வெடித்துக் கிடந்தன. அந்தக் கட்டி எங்கும் கிடைக்கவில்லை. தனித்தனி ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்தேன். வியாழக்கிழமை பட்டியல் வாசித்தோம். ஒரே ஒரு 'இல்லீங்க' வந்தது. திருத்தினோம். எங்கள் சோதனைக் கருவியிலிருந்து பெரிய அலை ஒன்றை அனுப்பி ஸ்கோப்பில் பார்த்தபோது வளைவு அழகாக வந்தது. அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹபீபா வந்தார். கார்டை மாட்டினோம். ஸ்பீக்கரிலிருந்து 'ரெடி' என்று ஓர் ஆண் குரல் வந்தது. டெஸ்டிங் பிரிவே கைதட்டியது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹபீபா மட்டும் தலையைச் சாய்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் ஒரு வரி அடித்தார், கேட்டார். இன்னொரு வரி அடித்தார், கேட்டார்.

"அக்கா, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. துரைக்குச் சளி புடிச்சிருக்குதுங்க."

எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. "பேசுதல்லங்க?" என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

"பேசுதுங்க. பலமாச் சொல்றப்ப நல்லாத்தான் இருக்குது. சத்தம் அடங்கி முடியற எடத்துல வாய்க்குள்ள மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி இருக்குது. கடைசி எழுத்து 'எம்'மா 'என்'னான்னு தெரியலீங்க. முழுநாள் கடிதம் அடிச்சா நான் தப்பு விட்ருவேன்."

பாய், "இது போதும் ஹபீபா, அவங்களுக்கு வேற வேலை இருக்குது" என்றார்.

"போதும்னா நான் சொல்ல மாட்டனா அண்ணா?"

நாச்சிமுத்து சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பலமாச் சொன்னா நல்லா இருக்குது, மெதுவாச் சொன்னாத்தான் மண்ணு. அப்படித்தானுங்க?" என்று கேட்டு, ஹபீபா வாயாலேயே இன்னொரு முறை சொல்ல வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வழக்கமாக ஒரு சாதனம் கெட்டால் பெரிய சத்தத்தில்தான் முதலில் பிசிறும். சின்னச் சத்தத்தில் மட்டும் பிசிறினால்? நான் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரெசிஸ்டர் வரிசை எட்டுப் படி உள்ள ஏணி மாதிரி. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்கு எடை. உச்சிப் படியின் எடை, மற்ற ஏழு படிகளையும் சேர்த்ததைவிட ஒரு மயிரிழைதான் அதிகம். அமைதியாக இருக்கும்போது குரல் நிற்கும் இடம் சரியாக அந்த நடு எல்லை. மெதுவாகப் பேசினால் அது ஏழு படியை விட்டு உச்சிப் படிக்கும், உச்சியை விட்டு ஏழுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். உச்சிப் படியில் கொஞ்சம் எடை பிசகினால் ஒவ்வொரு தாவலிலும் கால் இடறும். பலமான சத்தத்தில் அந்த இடறல் அமுங்கிப் போகும். நான் அனுப்பிப் பார்த்தது பெரிய அலை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

"இதைக் கண்ணால பாக்கோணும்னா, எண்களை ஒண்ணுல இருந்து வரிசையா அனுப்பிப் பாக்கோணுங்க" என்றேன்.

"அதுக்கென்னுங்க" என்று ஹபீபா 'பேசிக்' என்ற கணினி மொழியில் நாலு வரி அடித்தார். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதத் தெரிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். ஸ்கோப் திரையில் சாய்வாக ஏறும் கோடு தோன்றியது. சரியாக நடுவில், பல் விழுந்த இடம் மாதிரி ஓர் இடறல். ஸ்கோப் காட்டுவதற்கு முன்பே அவர் காது காட்டிவிட்டது. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடத்தில் ஒரு பிழையைக் கண்டு அப்படி மகிழ்ந்ததில்லை.

நாச்சிமுத்து சார் கேட்டார், "அம்மணி, இந்த ரெசிஸ்டரெல்லாம் இப்படித்தான் இருக்கோணும்னு நெனச்சு வெச்சீங்களா?"

"தானா அமைஞ்சதுங்க சார். டப்பாவுல கைக்கு வந்ததை எடுத்து வெச்சேன்."

"அப்ப பிரிச்சுப்போடலாமுங்க."

எட்டுப் படிக்கும் சேர்த்து, ஒன்றுக்கொன்று துளியும் விலகாத இருபத்தைந்து ரெசிஸ்டர்கள் வேண்டும். மேலே எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும், உள்ளே ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஸ்டோரில், வேறு ஆர்டருக்காக வாங்கிய உயர்ந்த ரகம் பிரிக்காத பெட்டியாக இருந்தது. ஸ்டோர்கீப்பர் முடியாது என்றார். நாச்சிமுத்து சார் அவர் முன் நின்று, "ஒண்ணும் குறையாதுங்க. அளந்து பாத்துட்டு மிச்சத்தைத் திருப்பி வெச்சர்றோம். எடுத்த இருபத்தஞ்சுக்கு நான் எழுதிக் கொடுத்தர்றேன்" என்று மூன்று விதமாகச் சொன்னார். மூன்றாவது தடவையில் பெட்டி வந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம். ஒரு நல்ல மீட்டர், அதைச் சுற்றி எட்டுப் பெண்கள். ஒருத்தி முனை வைக்க, ஒருத்தி எண்ணைப் படிக்க, மற்றவர்கள் அளவுவாரியாகக் கிண்ணங்களில் போட, அரிசியில் கல் பொறுக்குவது போல வேலை நடந்தது. சாப்பாட்டுத் தூக்குகளின் மூடிகள்தான் கிண்ணம். ஹபீபாவும் வந்திருந்தார். எண்ணைச் சத்தமாகச் சொன்னால் எந்த மூடியில் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று அவர்தான் நினைவு வைத்துச் சொன்னார். "மூணாவது மூடியில இருபத்திநாலுங்க, இன்னும் ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகு அந்த ஒன்று வராமல் எங்களைப் படுத்தியது. கடைசியில் வந்தபோது யாரோ குலவையிட்டார்கள். அந்தக் குலவையைக் கேட்டு முதலாளியே எட்டிப் பார்த்தார்.

பழையவற்றைக் கழற்றி, புதியவற்றைப் பற்றவைத்து, மறுபடியும் பட்டியல் வாசித்து முடிக்கையில் மணி நாலு. ஹபீபா 'ஹோம்' என்று ஒரு சொல்லை அடித்தார். கடைசி 'ம்' மெல்ல இழைந்து அடங்கியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சளி போயிருச்சுங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் விடுப்பு போட்டுவிட்டு அவர்களோடு கல்லூரிக்குப் போனேன். நாச்சிமுத்து சாரையும் அழைத்தேன். "நாலு பேரு சுத்தி நின்னா அந்தப் புள்ளைக்குப் பதட்டமாயிருமுங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

முதல்வர் கறாரான அம்மாள். மேசையில் கணினியை வைத்ததும், "ஆஃபீஸ்ல இது பேசிட்டே இருந்தா மத்தவங்க எப்படி வேலை பாப்பாங்க?" என்று கேட்டார். ஹபீபா கைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், எனக்கு எதுவும் கேட்கவில்லை. பதினோரு நாள் அந்தக் குரலுக்காக உழைத்துவிட்டு, அது சரியாகப் பேசுகிறதா என்று தெரியாமல் ஒரு மூலையில் நின்றேன். தெரிந்ததெல்லாம் அவர் விரல்கள்தான்.

முதல்வர் ஒரு நீண்ட கடிதத்தைச் சொல்லச் சொல்ல ஹபீபா அடித்தார். முடிந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வாசித்துக் காட்டுகிறது என்று புரிந்தது. நடுவில் அவர் புருவம் சுருங்கியது. மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"என்ன, சரியாக் கேக்கலையா?"

"நல்லாக் கேக்குதுங்க. மேலே மீட்டிங் செவ்வாக்கிழமைன்னு சொன்னீங்க. கீழே எல்லாரும் புதன்கிழமை வந்து சேரணும்னு சொன்னீங்க. எதை வைக்கட்டுங்க?"

முதல்வர் தன் குறிப்பைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு முதல்வர் மெல்ல, "புதன்தான். போன வாரமும் செவ்வாய்னே போட்டு ஒரு கடிதம் போயிருக்கு. யாரும் சொல்லலை" என்றார். அதற்குப் பிறகு மாலை வரை ஹபீபாவுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "நாளைக்கு வாங்க" என்றார். ஒருகணம் நின்று, "தினமும் வாங்க" என்றார். பாய் வேனைக் கிளப்ப மறந்து வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் எங்கள் பிரிவுக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தேன். ஹபீபா. "அக்கா, காலேஜ் லெட்டர்பேடுல உங்களுக்கு ஒரு கடிதம் அடிச்சிருக்கேன். தபால்ல வர்றதுக்கு முன்னாடி கேட்டுப்போடுங்க" என்று ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார். துரை ஆங்கிலத்தில் வாசித்தது. என் பெயரை ஸாரஸ்வாட்டி என்றது. அந்தக் கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் மூன்று பேருக்கு மூன்று பழைய கணினிகள் கிடைத்திருக்கின்றனவாம். இதே மாதிரி மூன்று கார்டு செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் ரிசீவரை நாச்சிமுத்து சாரிடம் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதற்குள் ஹபீபா கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க விட்டிருந்தார். சார் ரிசீவரைக் காதில் வைத்து, பேசுபவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் அது 'தேங்க் யூ' என்றது.

சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆகட்டுங்க துரை. செஞ்சுபோடலாமுங்க" என்று பதில் சொன்னார்.